சுண்டுவிரல் பட்டன்

அந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தது நான். அதில் வேலை செய்து வைத்ததும் நான். இதை நம்ப வேண்டிய ஒரே ஆள் இன்றுவரை நம்பவில்லை.

அம்மாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. நடுவில் இருந்த மூன்றையும் தகர டப்பாவுக்கு மூடி வெட்டும் பிரஸ் எடுத்துக்கொண்டது. அந்த பிரஸ்ஸில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் தகட்டை உள்ளே தள்ளுவார். பின்னால் நிற்பவர் வெட்டி விழும் மூடியை இழுத்தெடுப்பார். இரண்டு பேரையும் சேர்த்து ஜோடி என்பார்கள். அம்மா முன்னால், சித்தி பின்னால், பதினான்கு வருடம். சித்தி அம்மாவின் கூடப்பிறந்தவள் இல்லை. சின்ன வயதில் நான் அவரை 'ஜோடிச் சித்தி' என்று கூப்பிட்டேன். பிறகு ஜோடி உதிர்ந்து சித்தி நின்றுவிட்டது.

அம்மாவின் விரல்கள் போன பதினோராவது மாதம், அதே பிரஸ், சித்தியின் இடது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் எடுத்தது. அந்தப் பதினோரு மாதத்தில் கம்பெனி பிரஸ்ஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. வேறு எதுவும் செய்யவில்லை.

கையில் அடிபட்ட பெண்கள் மொத்தம் ஏழு பேர். அவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை தரப்போவதாக ஒரு நாள் சர்க்குலர் வந்தது. தொழிலாளர்களின் வருகை அட்டைகளை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரைக் கம்பெனியே வீட்டுக்கு அனுப்பும். மூன்று வாரம் பழக்கம், பிறகு ஒரு மணி நேரப் பரீட்சை. ஒரு எழுத்துக்கு ஒரு அடி என்று மணிக்கு நாலாயிரம் அடி அடித்தால் வேலை நிரந்தரம். அடிக்காவிட்டால் மறுபடி ஹாலுக்குப் போக வேண்டும்.

ஹால் என்றால் பிரஸ் ஹால். அம்மா அந்த வாசலைத் தாண்டினாலே அவளது வலது கை தானாகப் புடவைக்குள் போய்விடும். அங்கே திரும்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான் அம்மாவும் சித்தியும் கேட்டது. பெரிய ஆசை இல்லை.

சர்க்குலர் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் அதை வாசிக்கக்கூடியவள் நான் மட்டும்தான். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். சித்தி சர்க்குலரை என் கையில் திணித்து, "படி டி பட்டதாரி. உன்னைப் படிக்க வெச்சதுக்கு இன்னிக்காவது பிரயோஜனம் இருக்கட்டும்" என்றார்.

நான் வாசித்தேன். முதல் பத்தியைத் தமிழில் சொன்னேன். இரண்டாவது பத்தியில், 'பரீட்சையில் காட்டப்படும் சிறந்த திறனைக் கொண்டு நிரந்தர அளவு முடிவு செய்யப்படும்' என்று ஒரு வரி இருந்தது. சிறந்த திறன் என்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. கீழே இன்னும் பத்து வரி இருந்தது. அவற்றை நான் வாசிக்கவே இல்லை.

கம்ப்யூட்டரோடு வந்த கீபோர்டு பழையது, பெரியது. எண்கள் எல்லாம் வலது ஓரத்தில் தனிக் கட்டமாக இருந்தன. வருகை அட்டையில் முக்கால்வாசி எண்கள்தான். அம்மாவின் வலது கையில் விரல் இல்லை. இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே வலப்பக்கம் நீட்டி, உடம்பைத் திருகி உட்கார்ந்து அடித்தாள். நான்காம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. சித்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவருக்குப் போனது இடது கை. வலது கை விரல்கள் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் எண் கட்டம் அவருக்கு வாகாக இருந்தது.

வேண்டுமானால் வெளிக் கம்பெனி கீபோர்டு வைத்துக்கொள்ளலாம் என்று சர்க்குலரின் முதல் பத்தியிலேயே இருந்தது. இரண்டே நிபந்தனை. அது அவரவர் பொறுப்பு. கம்ப்யூட்டரில் வேறு எந்தச் சாஃப்ட்வேரும் போடக் கூடாது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு உதிரிக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் உதிரி பாகங்களை விற்று விற்று அந்த அண்ணனுக்கே உதிரி என்று பெயர் விழுந்துவிட்டது. கடை ஒரு ஆள் படுக்கும் அளவுதான். சுவர் முழுக்க ஒயர் தொங்கும்.

"என்ன வேணும்? கலர் லைட் எரியறதா? ராத்திரி கல்யாண வீடு மாதிரி ஜெகஜ்ஜோதியா இருக்கும்."

"எங்கம்மா அடிக்கறதுக்கு அண்ணே."

அவர் அம்மாவின் கையைப் பார்த்தார். கலர் லைட்டைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

முதலில் ஒரு கையால் அடிக்கும் கீபோர்டு ஒன்றை எடுத்தார். உள்ளங்கை மாதிரி வளைந்து அழகாக இருந்தது. "ஆனா சாஃப்ட்வேர் போட்டாதான் வேலை செய்யும். போடலன்னா இது சும்மா பலகை. காய்கறி நறுக்கலாம்" என்றார். அது போயிற்று. இரண்டாவது, தனியாக வரும் குட்டி எண் கட்டம். இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான், ஆனால் அம்மா வேகமாக அடித்தால் மேசை மேல் நகர்ந்து நகர்ந்து ஓடியது. மூன்றாவது, எண் கட்டம் இடப்பக்கமே அமைந்த கீபோர்டு. யாரோ வீடியோ கேம் விளையாடும் பையன் வாங்கி, பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தது. எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதை மாற்றலாம். மாற்றியதைக் கீபோர்டே தன்னிடம் வைத்துக்கொள்ளும். வேறு கம்ப்யூட்டரில் செருகி மாற்றிவிட்டு இதைக் கொண்டுபோய்க் கம்பெனி கம்ப்யூட்டரில் செருகினால் போதும். அங்கே எதுவும் போட வேண்டியதில்லை.

அம்மா ஒரு பட்டனைச் சுண்டுவிரலால் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தொட்டாலே இறங்குது."

"அதான்மா நல்லது. விரல் வலிக்காது."

"வேண்டாம். நான் அழுத்தினாதான் இறங்கணும். தானா இறங்கக் கூடாது."

உதிரி அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். பட்டன்களைப் பிடுங்கி, அடியில் இருந்த லேசான ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கெட்டியானதாக ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரு பட்டனை அழுத்திப் பார்த்து, "இது சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பட்டன்களை மாற்றி அமைக்க மறுநாள் நான் மட்டும் போனேன். ஒரு அட்டைக்கு மொத்தம் இருபத்துநான்கு எழுத்து. ஆள் எண் நான்கு, உள்ளே வந்த நேரம் நான்கு, வெளியே போன நேரம் நான்கு. மீதிப் பன்னிரண்டும் தேதியும் டிபார்ட்மெண்ட் எண்ணும். ஒரு கட்டு அட்டைக்கு அந்தப் பன்னிரண்டும் மாறவே மாறாது. அம்மாவின் வலது சுண்டுவிரல் படும் இடத்தில் ஒரு பட்டனை ஒதுக்கினேன். கட்டு மாறும்போது ஒரு தடவை அடித்துப் பதிந்துகொண்டால், பிறகு ஒரே அழுத்தில் பன்னிரண்டும் விழும்.

அதைச் செய்துவிட்டுக் கடையிலேயே கணக்குப் போட்டேன். இருபத்துநான்கு அடிக்குப் பதில் பதின்மூன்று அழுத்து. அழுத்துவது பதின்மூன்றானாலும் கம்பெனி எண்ணப்போவது இருபத்துநான்கு. அம்மா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடுப்பாள். நான் முதல் மார்க் வாங்கிய நாளில்கூட இப்படிக் குதித்ததில்லை.

அம்மாவிடம், "இதை அழுத்தினா தேதியும் டிபார்ட்மெண்ட்டும் தானா வந்துடும். கை நோகாது" என்று மட்டும் சொன்னேன். எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லவில்லை. திரையிலும் அது தெரியாது. நேராகக் கம்பெனிக்குப் போகும்.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் டீயை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ஸ்டாப்வாட்சோடு ஹாலுக்கு வந்த ஆளைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதை வைத்து நாளைக்கு இவ்வளவு என்று விதிப்பதுதான் அவர் வேலை.

"அவன் வந்தா போதும், உங்கம்மாவுக்குத் தும்மல் வந்துடும். தகடு கை நழுவும். எண்ணெய்க் கிண்ணம் எங்கன்னு தேடுவா. நான் பின்னாலிருந்து, 'அக்கா, எனக்குத் தலை சுத்துது'ம்பேன். அவன் முகம் போற போக்கைப் பாக்கணுமே!"

"ஏமாத்தினீங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஏமாத்தா? முழு வேகத்தைக் காட்டினா அதையே நாள் முழுக்கக் கேப்பான்டி. நமக்கு மட்டுமா? ஹால்ல எல்லாருக்கும் கேப்பான். கர்ப்பிணி இருப்பா, காய்ச்சல்காரி இருப்பா. அவ எங்க போவா?"

"இது பரீட்சை சித்தி. பரீட்சையில யாராவது தெரிஞ்சே கம்மியா எழுதுவாங்களா?"

"உன் பரீட்சையில மொதல்ல வந்தா மெடல் குடுப்பான். எங்க பரீட்சையில மொதல்ல வந்தா மத்தவ தலையில மூட்டையை ஏத்துவான்."

நான் முகத்தைச் சுளித்தேன். இவர்கள் இப்படியே இருந்ததால்தான் இப்படியே இருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவும் இல்லை.

அவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கம்பெனி கேட்பது நாலாயிரம். இவர்கள் காட்டப்போவது நாலாயிரத்து இருநூறு. மற்ற ஐந்து பேரும் முடிந்தவரை அதற்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். எண்ணிக்கை தெரியாமல் எப்படிப் பிடிப்பது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பழைய பிரஸ் நிமிடத்துக்கு முப்பத்தைந்து தடவை இறங்கும். இறங்குவதும் ஏறுவதுமாக எழுபது சத்தம். அந்தத் தாளம் இருவர் உடம்பிலும் ஊறிக் கிடந்தது. சத்தத்துக்கு ஒரு அழுத்து என்று அடித்தால் மணிக்கு நாலாயிரத்து இருநூறு. சித்தி மேசையில் கட்டைவிரலால் தட்டிக் காட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கூடவே தட்டினாள். நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு நிமிடத்துக்கு எழுபதில் நின்றார்கள்.

"தாண்டினே, நீ என் ஜோடி இல்ல" என்றார் சித்தி.

"சரி, போ டி" என்றாள் அம்மா.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதின்மூன்றாவது தட்டும் பன்னிரண்டாக விழும் என்று எனக்குத் தெரியும். திறக்கவில்லை. அம்மா ஒரு தடவையாவது முதலில் வரட்டும் என்று நினைத்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நினைத்துச் செய்திருந்தாலாவது திட்டிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

பரீட்சை கம்பெனி கேண்டீனில் நடந்தது. சாப்பாட்டு மேசைகளைத் துடைத்து ஏழு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். நல அதிகாரி என்று ஒருவர் மேற்பார்வை. அவர் யார் நலத்தைப் பார்க்கிறார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் கீபோர்டைச் செருகிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் சித்தி. மணி அடித்ததும் இரண்டு பேரும் ஒரே தாளத்தில் ஆரம்பித்தார்கள். என் காதுக்கே கேட்டது. அம்மா வாக்கு மீறவில்லை. நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தண்ணீர் குடித்தாள். ஒரு தும்மல்கூடப் போட்டாள். சித்தி தலை குனிந்து சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நல அதிகாரி தன் திரையைப் பார்த்து எண்களை வாசித்தார். நாலாயிரத்து முப்பது. நாலாயிரத்து நூறு. ஒருத்தருக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்றார். சித்தி நாலாயிரத்து நூற்று எழுபது. பிறகு நிமிர்ந்து, அம்மாவைப் பார்த்து, "ஏழாயிரத்து அறுநூற்றுப் பத்து" என்றார். கை தட்டினார்.

நானும் வாசலில் நின்று கை தட்டினேன்.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள், அவர் வேறு யாரையோ சொல்வதுபோல. "இல்ல சார், தப்பா இருக்கும். நான் மெதுவாத்தான் அடிச்சேன்" என்றாள். அவர் சிரித்தார். "மெதுவா அடிச்சே இவ்வளவா? அப்போ வேகமா அடிச்சா?"

சித்தி தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அடேங்கப்பா" என்றார். அவ்வளவுதான். போகும்போது அம்மாவின் மேசையைத் தொட்டுக்கொண்டு போவது அவர் வழக்கம். அன்று தொடவில்லை.

எட்டாம் நாள் அடுத்த சர்க்குலர் வந்தது. நிரந்தர அளவு மணிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. எட்டியவர் ஒருவர். மற்ற ஆறு பேருக்கும் ஹாலில் கூட்டிப் பெருக்கும் மாற்று வேலை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அம்மா கீபோர்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இந்தச் சுண்டுவிரல் பட்டன் என்ன பண்ணுது? ஒளிக்காம சொல்லு."

சொன்னேன்.

"எண்ணிக்கை ஏறும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சரி."

திட்டியிருக்கலாம். நான்கு அறை விட்டிருக்கலாம். 'சரி' என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாள்.

நான் நல அதிகாரியிடம் போனேன். பட்டனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடித்தது நாலாயிரம்தான், மீதி கீபோர்டு அடித்தது, அந்த எண்ணை வைத்து அளவு போட்டது அநியாயம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல தப்பே இல்லையேம்மா. கீபோர்டு அவங்கவங்க பொறுப்புன்னு சர்க்குலர்லயே போட்டிருக்கோம். மத்தவங்களும் வாங்கியிருக்கலாமே?"

"அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. படிச்ச பொண்ணு. வாழ்த்துக்கள்."

அந்த வாழ்த்துகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் வெளியே வந்தேன். நேராகச் சித்தி வீட்டுக்குப் போனேன்.

சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தார். இடது கைக் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்து, வலது கையால் மடித்தார். மறுநாள் ஹாலுக்குப் போக வேண்டிய சீருடையும் அதில் இருந்தது. என்னை உட்காரச் சொன்னார். டீ வேண்டுமா என்று கேட்டார். அந்த மரியாதைதான் என்னை முதலில் குத்தியது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் யாரும் டீ வேண்டுமா என்று கேட்டதில்லை. ஊற்றிக் கையில் கொடுப்போம்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் செய்தது, அம்மாவுக்குத் தெரியாது, அம்மா தாளத்தைத் தாண்டவே இல்லை, கீபோர்டு தானாகப் பன்னிரண்டு எழுத்து அடிக்கும். அழுதுகொண்டே சொன்னேன்.

சித்தி துணியைக் கீழே வைத்தார்.

"நல்ல பொண்ணு நீ. அம்மாவுக்காகப் பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கற."

"இல்ல சித்தி, சத்தியமா..."

"பிரஸ் தானா இறங்குச்சுன்னு சொன்னேன். உங்கம்மாவும் சொன்னா. எவன் நம்பினான்? 'மெஷின் தானா இறங்காது, நீதான் பெடலை மிதிச்சிருப்பே'ன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டான். இப்போ நீ வந்து கீபோர்டு தானா அடிச்சுதுங்கற. நான் மட்டும் நம்பணுமா?"

"வேணும்னா கொண்டுவந்து காட்டறேன். உங்களுக்கும் வலப்பக்கமா ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"எதுக்கு? பரீட்சை முடிஞ்சாச்சு. அடுத்தது வருஷம் கழிச்சாம்." கீழே வைத்த துணியை மறுபடி எடுத்தார். "உங்கம்மா மேல எனக்குக் கோபம்னு நினைக்காதே. அவளுக்கும் வயிறு இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை, 'நான் தாண்டப் போறேன் டி'ன்னு சொல்லியிருக்கலாம். பதினாலு வருஷம் அவ தகட்டைத் தள்ளுவான்னு நம்பித்தானே நான் பின்னால கையை விட்டேன்?"

அதற்கான பதிலை எந்தக் காலேஜிலும் சொல்லித்தரவில்லை.

அம்மா வேலையைத் தொடங்கினாள். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை. சுண்டுவிரல் பட்டனைப் பார்க்காமலே அழுத்தினாள். கம்பெனி அனுப்பிய வாரக் கணக்கில் எண்ணிக்கை ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேலேயே நின்றது. சித்தி வரவில்லை. அம்மாவும் போகவில்லை. நான் இரண்டு தடவை, "நீயே போய்ப் பேசும்மா" என்றேன். "என்னன்னு பேச? என் பொண்ணு உன்னை ஏமாத்திட்டா, நான் நல்லவள்னா?" என்றாள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, நான் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வந்தபோது அம்மா அடிக்காமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிரஸ் ஹால் அட்டைக் கட்டுகள் வந்திருந்தன. திரையில் ஒரு அட்டை. ஆள் எண் 2217.

"இது உன் சித்தி நம்பர்."

உள்ளே வந்தது காலை ஏழு. வெளியே போனது இரவு ஏழரை. முந்தைய நாளும் அப்படி. அதற்கு முந்தைய நாளும்.

"ஏழரை வரைக்கும் கூட்டிப் பெருக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. "பின்னால நிக்க வெச்சிருக்கான். ஒத்தைக் கையோட."

அந்த அட்டையை அவளே அடித்தாள். நேரத்தில் ஒரு எண்கூட மாற்றவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பேப்பரை எடு. மொதல்ல வந்தது. முழுசா வாசி. இந்தத் தடவை ஒரு வரி விடாதே" என்றாள்.

வாசித்தேன். நான் முன்பு வாசிக்காமல் விட்ட பத்து வரிக்குள் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, தொடர்ந்து இரண்டு மாதம் அளவை எட்டாதவர் ஹாலுக்கு மாற்றப்படுவார். இன்னொன்று, தொடர்ந்து மூன்று மாதம் ஒருவரும் அளவை எட்டாவிட்டால் அளவு மறுபடி பார்க்கப்படும். முன்பு பரீட்சை எழுதியவர்கள் திரும்பக் கூப்பிடப்படுவார்கள்.

"ஒருத்தரும்னா?"

"யாருமே. இப்போ எட்டறது நீ மட்டும்தான்."

அம்மா கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "அப்போ இதுல இருந்து அந்தப் பட்டனை எடுத்துடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பைத்தியமாம்மா உனக்கு? ரெண்டு மாசத்துல உன்னையும் ஹாலுக்குத் தூக்கிப் போட்டுடுவான். மறுபடி பாக்கறேன்னு தான் எழுதியிருக்கான், குறைக்கறேன்னு எழுதல. இவனுங்க பேச்சை நம்பி நீ அந்த பிரஸ் முன்னாடி போய் நிப்பியா? சித்தி உன்னை ஏமாத்துக்காரின்னு நினைச்சுட்டு இருக்காங்க. அவங்களுக்குத் தெரியக்கூடப் போறதில்ல."

"தெரிய வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு?"

"நான் எழுபதுலதானே அடிக்கறேன்னு அவகிட்ட சொன்னேன்? எழுபதுலயே அடிக்கறேன். நீ பாஸ் பண்ண வெச்சே. நான் ஃபெயில் ஆகிக்கறேன். அதுக்காவது என்னை விடு."

அந்த வாரம் முழுக்க நான் செய்யவில்லை. சண்டை போட்டேன், சாப்பிடாமல் இருந்தேன், உதிரி அண்ணனை விட்டுப் பேசச் சொன்னேன். அவர் அம்மாவிடம் வந்து, "ஏன்க்கா, நல்லாத்தானே வேலை செய்யுது?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா வேலை செய்யுது தம்பி. அதான்" என்றாள். அவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். திங்கட்கிழமை அவர் கடையில் உட்கார்ந்து அந்தப் பட்டனில் நான் வைத்ததை அழித்தேன். அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் செய்யும்போது ஒரு பெண் திரும்ப ஹாலுக்குப் போகிறாள் என்பது அந்தத் திரைக்குத் தெரியாது. 'மாற்றம் சேமிக்கப்பட்டது' என்று காட்டியது.

முதல் மாதம் நாலாயிரத்து நூற்று இருபது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாவது மாதம் நாலாயிரத்து நூற்று எண்பது. நல அதிகாரி போன் செய்து, கீபோர்டு ரிப்பேரா, கை வலியா என்று என்னிடம் கேட்டார். உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. அம்மா எதிரில் நின்று தலையை ஆட்டினாள். "வலிதான் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மாதக் கடைசியில் இரண்டு பேர் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீபோர்டு எங்களுடையது என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றாம் தேதி காலை ஆறரைக்கு அம்மா சீருடையைப் போட்டாள். பட்டன் போட நான் உதவப் போனேன். வேண்டாம் என்றாள். வாசல்வரை போய் நின்றாள். வலது கை புடவையைத் தேடியது. சீருடையில் புடவை இல்லை. சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாள். நான் அன்று லீவு போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

அம்மா இரவு எட்டுக்கு வந்தாள். தகரத் தூளும் எண்ணெயும் கலந்த வாசனை வீட்டுக்குள் அவளுக்கு முன்னால் வந்தது. நான் அவள் கைகளைத்தான் முதலில் எண்ணினேன். ஏழு விரலும் இருந்தன.

"எங்க போட்டாங்க?"

"அதே பிரஸ். முன்னால."

"பின்னால?"

அம்மா குழாயைத் திறந்து கை கழுவினாள். சோப்பை எடுத்து இடது கையில் தேய்த்து, வலது கையின் மிச்சத்தையும் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

"சித்தி பேசினாங்களாம்மா?"

"பேசல."

"ஒரு வார்த்தை கூட?"

"இல்ல." குழாயை மூடினாள். "சாப்பிட உக்காரப் போனேன். பெஞ்சு முழுக்க ஆளு. அவ என்னைப் பாக்கல. ஆனா தன் டிபன் பாக்ஸைத் தள்ளி வெச்சா, ஒரு ஆள் உக்காரற அளவுக்கு."

"உக்காந்தியா?"

"பின்ன, நின்னுட்டா சாப்பிடுவாங்க?" என்றாள் அம்மா.